கிலோ எட்டு ரூபாய்: சித்தூர் மாங்கூழ் ஆலைகளும் அரசு விதிகளின் எடையும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சித்தூர்ப் பகுதியின் மாங்காய் வணிகத்தின்மீது அடுத்தடுத்து இரண்டு அரசு ஆணைகள் வந்திறங்கின. தோதாபுரி வகை மாங்காயை வெளிமாநிலங்களிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஜூன் 7ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் பிறப்பித்த தடை ஒன்று. மாங்கூழ் ஆலைகள் அந்தக் காயைக் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும், அதற்கு மேல் 4 ரூபாயை மாநில அரசு விவசாயிக்கு மானியமாக வழங்கும் என்ற விலை அறிவிப்பு மற்றொன்று. தோப்பில் விலை சரிந்து, காயைப் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாத நிலையில் தவித்த விவசாயியைக் காப்பதே இரண்டின் நோக்கமும் ஆகும். அந்த நோக்கத்தின் நேர்மையை ஐயுறுவதற்கு இடமில்லை. ஆயினும் ஒரு விதி எழுதப்படும் இடத்தில் எல்லார்க்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அது சுமக்கப்படும் இடத்தில் ஆளுக்கு ஆள் எடை மாறிவிடுகிறது. பெரிய ஆலை ஒன்று ஓராண்டு நட்டமாக எழுதிக் கடந்துவிடக்கூடிய தொகை, வங்கிக் கடனில் ஓடும் சிறிய ஆலைக்கோ, ஒரே ஒரு சீசனை நம்பி முதல் போடும் மண்டிக்காரருக்கோ தொழிலையே முடித்துவிடும் தொகையாக இருக்கலாம். புதிய அரசு விதிகள் சிறுதொழிலை எவ்வாறு தொடுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, சித்தூர்ச் சீமையின் இந்த மாங்காய்ப் பருவத்தைவிடத் தெளிவான பாடம் அண்மையில் கிடைக்கவில்லை.

எல்லைகள் கடந்த ஒரு காய்

தெலுங்கு நாட்டிலும் வடக்கிலும் தோதாபுரி எனப்படும் மாங்காயைத் தமிழ்நாட்டு மக்கள் பெங்களூரா என்றும், அதன் நுனி கிளியின் அலகைப்போல் வளைந்திருப்பதால் கிளிமூக்கு மாங்காய் என்றும் அழைக்கிறார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தெருவோரத்தில் விற்கப்படும் மாங்காய்க் கீற்று பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பழமாகத் தின்பதற்கு இமாம்பசந்து, பங்கனபள்ளி போன்றவற்றின் சுவை இதற்கு இல்லை என்றாலும், மரம் நிறையக் காய்ப்பதும், சதை மிகுந்திருப்பதும், நார் குறைவாக இருப்பதும் இதனை ஆலைக்கு உகந்த காயாக ஆக்கியிருக்கின்றன. பாட்டிலிலும் அட்டைப் பெட்டியிலும் விற்கப்படும் மாம்பழப் பானங்களுக்கு அடிப்படையாக அமைவது பெரும்பாலும் இந்தக் காயின் கூழே.

இந்தக் கூழ்த் தொழிலுக்கு இந்தியாவில் இரண்டு பெரிய மையங்கள் உள்ளன. ஆந்திரத்தின் சித்தூர் ஒன்று, தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மற்றொன்று. வேளாண் ஏற்றுமதி வளர்ச்சிக்கான மத்திய அரசு அமைப்பாகிய அபேடா, நாட்டின் மாங்கூழ் ஆலைகள் ஏறத்தாழ 65 என்று குறிப்பிட்டு, அவை முதன்மையாக இந்த இரு மையங்களிலும் திரண்டிருப்பதாகப் பதிவு செய்திருக்கிறது. இவ்விரு மையங்களுக்கும் இடையே இன்றுள்ள மாநில எல்லை அண்மைக் காலத்தது. 1911ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி தமிழகத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் மாவட்டச் சீரமைப்பில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டே வந்தாலும், நகரி, குப்பம், சத்தியவேடு, சித்தூர் நகரம் ஆகிய இடங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே கடையில் பேசப்படுவதும், வேலூர், திருவள்ளூர் மாவட்டத் தோப்புகளிலிருந்தும் கர்நாடகத்தின் கோலார், சீனிவாசபுரம் பகுதித் தோப்புகளிலிருந்தும் காய் ஏற்றிய லாரிகள் சித்தூர் ஆலைகளை நோக்கி வருவதும் மாறாமல் இருந்தன. 2025ஆம் ஆண்டுத் தடை குறுக்கே வந்து நின்றது இந்தப் பழைய பாதையில்தான்.

மாங்கூழ் ஆலை என்னும் சிறுதொழில்

விதியின் விளைவைக் கணக்கிடுவதற்கு முன்னால் மாங்கூழ் ஆலையின் இயக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தோப்பிலிருந்து வரும் காய் ஆலையின் கொட்டகையில் சில நாள் பழுக்க வைக்கப்பட்டு, கழுவப்பட்டு, கொட்டை நீக்கப்பட்டு, பிழிந்து வடிகட்டப்படுகிறது. பிறகு கூழ் உயர்ந்த வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, காற்றுப் புகாத பைகளில் நிரப்பப்பட்டு இரும்பு டிரம்களில் அடைக்கப்படுகிறது, அல்லது தகர டின்களில் அடைக்கப்படுகிறது. ஒரு டிரம் பொதுவாக 215 கிலோ கூழைத் தாங்கும். பெரிய டின் ஒன்று 3.1 கிலோவைத் தாங்கும். தோலும் கொட்டையும் கழிந்தபின் காயின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கூழாகக் கிடைக்கிறது. எஞ்சிய பாதி, அப்புறப்படுத்தியாக வேண்டிய கழிவு.

இந்தத் தொழிலின் பொருளியலைத் தீர்மானிப்பது காலம். காய் வருவது ஜூன், ஜூலையை ஒட்டிய சில வாரங்களில். கூழ் விற்பதோ ஆண்டு முழுவதும். ஆகவே ஆலை நடத்துபவர் அந்தச் சில வாரங்களில் ஓராண்டுக்குரிய சரக்கை வாங்கி, அதற்கு முழுப்பணமும் கொடுத்து, பிறகு மாதக்கணக்கில் டிரம்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாங்குபவரை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்குத் தேவைப்படும் இந்தப் பணத்தை நடைமுறை மூலதனம் என்பார்கள். சிறிய ஆலைகளுக்கு அது பெரும்பாலும் வங்கிக் கடனாகவே கிடைக்கிறது. டிரம் விற்காத ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. சவூதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து முதலிய நாடுகளுக்கு இந்திய மாங்கூழ் ஏற்றுமதியாவதால், 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடல் வழியில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ஏறிய சரக்குக் கட்டணமும் காலத்தாழ்வும் இந்தத் தொழிலை நேரடியாகவே பாதித்தன. முந்தைய பருவத்தில் பிழிந்த கூழ் விற்காமல் கிடங்கில் தேங்கியிருக்கும் நிலையில்தான் பல ஆலைகள் 2025ஆம் ஆண்டுப் பருவத்தை எதிர்கொண்டன. காயின் விலை சரிந்ததற்கான காரணத்தில் பெரும் பகுதி, தோப்பில் காய்த்த மிகுதியைவிடக் கிடங்கில் நின்ற டிரம்களிலேயே இருந்தது.

சிறுதொழில் என்னும் சொல்லுக்கு அரசு வகுத்திருக்கும் வரையறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாயையும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயையும் தாண்டாதது குறுந்தொழில். முதலீடு 25 கோடியையும் விற்றுமுதல் 100 கோடியையும் தாண்டாதது சிறுதொழில். அதற்கு மேல் 125 கோடி முதலீடும் 500 கோடி விற்றுமுதலும் வரை நடுத்தரத் தொழில். ஒரே பாதையில் அருகருகே நிற்கும் இரண்டு மாங்கூழ் ஆலைகளில் ஒன்று குறுந்தொழிலாகவும் மற்றொன்று அதைவிடப் பன்மடங்கு பெரியதாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. விலை அறிவிப்போ இரண்டையும் ஒரே வாசகத்தால் கட்டியது.

எட்டும் நான்கும்

ஆந்திர அரசு வகுத்த ஏற்பாட்டின்படி விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் சேர வேண்டும். அதில் 8 ரூபாய் ஆலையின் பொறுப்பு; 4 ரூபாய் மாநில அரசின் மானியம். 6.5 லட்சம் டன் காய்க்கு இந்த மானியத்தைக் கணக்கிட்டால் 260 கோடி ரூபாய் ஆகிறது. அதில் பாதியாகிய 130 கோடியை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று மாநில அரசு கோரியது. மத்திய அரசு, சந்தைத் தலையீட்டுத் திட்டம் எனப்படும் ஏற்பாட்டின்கீழ், கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன் வரையிலும் ஆந்திரத்துக்கு ஏறத்தாழ 1.62 லட்சம் டன் வரையிலும் விலை வேறுபாட்டை ஈடுசெய்ய ஒப்புக்கொண்டது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இடம்பெறாத, விரைவில் அழுகும் விளைபொருளின் விலை கடுமையாக வீழும்போது, மாநில அரசு கேட்டுக்கொண்டால் மத்திய அரசும் செலவில் பங்கேற்பதே இந்தத் திட்டத்தின் சாரம். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் தமிழக மா விவசாயிகளுக்காக இதே திட்டத்தைக் கோரி அந்த ஜூன் மாதத்தில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரியின் நெருக்கடியும் சித்தூரின் நெருக்கடியும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதற்கு அது சான்று.

மானியமாகிய 4 ரூபாய் அரசுக் கருவூலத்திலிருந்து விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரே செல்வது. அதனால் எந்தச் சிறுதொழிலுக்கும் சுமை இல்லை. ஆலை கொடுக்க வேண்டிய 8 ரூபாய்தான் ஆராய்ச்சிக்கு உரியது. சந்தையில் 4, 5 ரூபாய் அளவுக்குச் சரிந்திருந்த காயை 8 ரூபாய்க்கு வாங்கும் ஆலை, கிலோவுக்கு 4 ரூபாயைச் சந்தை விலைக்கு மேல் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 100 டன் பிழியும் ஆலைக்கு அது நாளொன்றுக்கு 4 லட்சம் ரூபாய். நாற்பது நாள் ஓட்டத்தில் 1 கோடியே 60 லட்சம் ரூபாய். குறுந்தொழிலுக்குச் சட்டம் வகுத்த இயந்திர முதலீட்டு உச்சவரம்பே 2.5 கோடி என்பதை நினைத்தால், ஒரே பருவத்தில் கூடுதலாகத் தேட வேண்டிய இந்தத் தொகையின் அளவு விளங்கும். காய்க்கு இரட்டிப்பு விலை கொடுத்தவருக்குக் கூழை அதற்கேற்ற விலைக்கு வாங்குபவர் கிடைத்தால் இது சுமையே அன்று. கிடங்கில் பழைய டிரம்கள் நிற்கும்போது அந்த வாங்குபவர் கிடைப்பதில்லை.

இத்தகைய நிலையில் சிறிய ஆலைக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்றே. கூடுதல் கடன் வாங்கி அறிவித்த விலையைக் கொடுப்பது முதல் வழி. கொள்முதலைக் குறைத்துக்கொள்வது அல்லது அந்தப் பருவத்தில் ஆலையை ஓட்டாமலே விடுவது இரண்டாவது. காயை வாங்கிக்கொண்டு பணத்தைத் தாமதிப்பதும் குறைப்பதும் மூன்றாவது. முதல் வழியில் நட்டம் ஆலைக்கு. மற்ற இரு வழிகளிலும் நட்டம் விவசாயியிடமே திரும்பிப் போகிறது. டோக்கன் முறையில் முறைவைத்துக் காய் எடுக்கப்பட்ட அந்தப் பருவத்தில் ஆலை வாயில்களில் டிராக்டர்களும் லாரிகளும் நெடுந்தொலைவு வரிசையில் நின்றதும், பருவம் முடிந்த பின்னரும் அறிவித்த விலை முழுதாக வந்து சேரவில்லை என்ற முறையீடுகள் விவசாயிகளிடமிருந்து எழுந்ததும் இந்தப் பொருளியலின் வெளிப்பாடுகள். விலை கொடுக்காத ஆலையின் செயல் நியாயமாகிவிடாது. வியர்வை சிந்தியவரின் கூலியை நிறுத்தி வைப்பதற்கு எந்தக் கணக்கும் சமாதானம் ஆகாது. ஆனால் கொடுக்கும் ஆற்றலை உண்டாக்காமல் கொடுக்கும் கடமையை மட்டும் விதிக்கும் ஆணை, விவசாயிக்கும் முழுப்பயன் தராது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

ஆலைக்கும் தோப்புக்கும் நடுவே நிற்கும் மண்டிக்காரர்களின் நிலையையும் சேர்த்தே எண்ண வேண்டும். பங்காருபாளையம், தாமலச்செருவு முதலிய ஊர்களின் மாங்காய்ச் சந்தைகளிலும், சாலையோரங்களில் ராம்ப் என்று வழங்கும் எடைபோட்டு வாங்கும் களங்களிலும் தொழில் செய்பவர்கள், காய் முற்றும் முன்பே தோப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அறுவடையின்போது காயாகத் திரும்பப் பெறுபவர்கள். ஆந்திரத்தின் 1966ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தின் ஒழுங்குமுறைகளுக்கு இவர்கள் உட்பட்டவர்கள். ஆலைக்கு நேரே காய் செல்லும்போது இவர்களுக்குத் தரகு குறைகிறது. எல்லைக்கு அப்பால் முன்பணம் கொடுத்தவர்களுக்கோ காயும் வராமல் பணமும் திரும்பாமல் போகும் அபாயம் நேர்கிறது. சுமைதூக்குவோர், தரம் பிரிக்கும் பெண்கள், ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு பருவத்துக்கு ஓட்டுபவர்கள் ஆகியோரின் வருமானமும் இதே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது.

எல்லையில் நின்ற லாரி

ஜூன் 7ஆம் நாள் தடையை நடைமுறைப்படுத்த வருவாய், காவல், வனம், வேளாண் விற்பனை ஆகிய துறைகளைச் சேர்ந்த குழுக்கள் தமிழ்நாட்டு, கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டன. வெளியிலிருந்து இன்னும் மலிவாகக் காய் வந்தால் ஆலைகள் உள்ளூர்க் காயை 8 ரூபாய்க்கு வாங்கமாட்டா என்பதே தடைக்குரிய தருக்கம். விலை அறிவிப்பு நிலைக்க வேண்டுமானால் எல்லையில் ஒரு வேலி வேண்டியிருந்தது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஜூன் 11ஆம் நாள் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதி, தம் மாநிலத்தின், குறிப்பாகக் கோலார்ப் பகுதியின், விவசாயிகள் இதனால் கடும் இழப்புக்கு உள்ளாவதாக எடுத்துக்காட்டித் தடையை நீக்கக் கோரினார்.

இந்திய அரசியலமைப்பின் 301ஆம் கூறு, நாடு முழுவதும் வணிகமும் சரக்குப் போக்குவரத்தும் தடையற்று இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. இந்த உரிமை முற்றிலும் வரம்பற்றது அன்று. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை மாநிலச் சட்டமன்றம் விதிக்கலாம் என்று 304ஆம் கூறு இடம் தருகிறது, ஆனால் அதற்குரிய மசோதா குடியரசுத் தலைவரின் முன்னிசைவு பெற்றுக் கொண்டுவரப்பட வேண்டும். சட்டமன்றத்தில் விவாதித்துச் செய்யப்படும் சட்டத்துக்கும், அலுவலகக் கோப்பிலிருந்து ஒரே நாளில் வெளிவரும் நிர்வாக ஆணைக்கும் உள்ள வேறுபாடு சிறுதொழிலுக்கு மிக முக்கியமானது. சட்டம் வருவதற்கு முன் அதைப் பற்றிய செய்தி பரவுகிறது, கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது, ஆயத்தம் செய்துகொள்ள நாள் கிடைக்கிறது. நிர்வாக ஆணையோ லாரி சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வருகிறது. அழுகும் பொருளை ஏற்றிய வண்டிக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கும் வசதி இல்லை.

ஒன்றன்மேல் ஒன்றாக

விலை அறிவிப்பும் எல்லைத் தடையும் வெற்றிடத்தில் வந்து விழவில்லை. ஏற்கெனவே பல விதிகளைத் தாங்கியிருந்த தோளின்மீது வந்து விழுந்தன. மாங்கூழ் ஆலை ஒன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும்; 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழும் 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை நிறுவவும் இயக்கவும் இசைவாணை பெற வேண்டும்; சரக்கு மற்றும் சேவை வரிக்கான கணக்குகளைக் காலந்தோறும் தாக்கல் செய்ய வேண்டும். இவை ஒவ்வொன்றும் தேவையானவை. பிழிந்த கழிவு நீர் ஏரியில் கலந்தால் ஊர் பாழாகும்; சுத்தமில்லாத கூழ் குழந்தையின் குடலுக்குப் போகும். ஆனால் கணக்கர் ஒருவரை வைத்துக்கொள்ளவும், சுத்திகரிப்பு அமைப்பைப் பராமரிக்கவும் ஆகும் செலவு ஆலையின் அளவோடு அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆயிரம் டன் பிழியும் ஆலையும் பத்தாயிரம் டன் பிழியும் ஆலையும் ஏறத்தாழ ஒரே அளவு காகிதங்களை நிரப்புகின்றன. கிலோவுக்கு என்று கணக்கிட்டால் சிறியதன் சுமை பன்மடங்காகிறது.

நல்ல விதி எவ்வாறு அமையலாம் என்பதற்கும் மாங்காய்த் தொழிலிலேயே சான்று உண்டு. கால்சியம் கார்பைடுக் கல்லை வைத்துப் பழுக்க வைப்பது உடலுக்குத் தீங்கு என்பதால் அது நெடுங்காலமாகத் தடைசெய்யப்பட்டிருந்தும், கல்லின் பயன்பாடு மறையவில்லை. மலிவான மாற்று வழி சிறு வணிகருக்குக் கிடைக்காததே அதற்கு முக்கியக் காரணம். பழங்கள் இயற்கையாகவே வெளியிடும் எத்திலீன் வாயுவைக் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் 100 பிபிஎம் அளவு வரை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு வரை, பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டில் அனுமதித்தபோதுதான், இதைச் செய்யாதே என்ற ஆணையோடு இப்படிச் செய் என்ற வழியும் சேர்ந்தது. தடையோடு மாற்றும் தரப்படும்போது விதியைக் கடைப்பிடிப்பது எளிதாகிறது.

வரி விதியிலும் ஒரு நன்மை பின்னர் வந்தது. புதிய மாங்காய்க்கு வரி இல்லாதபோதும் மாங்கூழுக்கு 12 சதவீத வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் கூழுக்கும், பழச்சாறுகளுக்கும், பழக்கூழ் கலந்த பானங்களுக்கும் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பானத்தின் விலை குறைந்து விற்பனை பெருகினால் கூழின் தேவையும் பெருகும் என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் குறைப்பு வந்தபோது 2025ஆம் ஆண்டுப் பருவம் முடிந்து போயிருந்தது.

விதியின் வரம்புக்குள் வராதவர்

தோப்பிலிருந்து தொடங்கும் சங்கிலியில் விவசாயி, மண்டிக்காரர், ஆலைக்காரர் என்று அடுத்தடுத்துக் கண்ணிகள் அமைய, இறுதிக் கண்ணியாக நிற்பவர் கூழை வாங்கிப் பானமாக்கி விற்கும் பெரு நிறுவனத்தார். 8 ரூபாய் விதி ஆலைக்காரரைக் கட்டியது. அவரிடம் கூழ் வாங்குபவர் இன்ன விலைக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டவில்லை. சங்கிலியின் நடுக்கண்ணியை மட்டும் பிடித்து இழுத்தால் அது அறுபடும் இடமும் நடுவாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் விற்கப்படும் பழப்பானத்தில் பழச்சாற்றின் அளவு பொதுவாகக் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், எலுமிச்சை வகைக்கு 5 சதவீதம் போதும் என்றும் உணவுத் தர விதிகள் கூறுகின்றன. இந்தக் குறைந்தபட்ச அளவை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் மாம்பழப் பானத்துக்கு 100 கிராம் அளவுக்குக் கூழும், அந்தக் கூழுக்கு 200 கிராம் அளவுக்குக் காயும் தேவைப்படும். விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் முழுதாகக் கிடைத்தாலும், அந்த லிட்டரில் அவருடைய பங்கு 2 ரூபாய் 40 காசு. காயின் விலை 4 ரூபாயிலிருந்து 8 ரூபாய்க்கு உயர்வதால் பானத்தின் ஒரு லிட்டருக்குக் கூடும் செலவு ஒரு ரூபாயைக்கூட எட்டுவதில்லை. நாற்பது நாள் ஓட்டத்தில் சிறிய ஆலைக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் சுமையான அதே உயர்வு, சங்கிலியின் இறுதிக் கண்ணியில் லிட்டருக்கு 80 காசாகக் கரைந்துவிடுகிறது. சுமையைத் தாங்கும் வலிமை எங்கே இருக்கிறதோ அங்கே விதி போய்ச் சேரவில்லை.

சிறுதொழிலைக் காக்க மற்றொரு விதி ஏட்டில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, 2023-24 நிதியாண்டு முதல், காலத்தில் கொடுக்காத தொகையை வாங்கியவர் தம் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கூழை விற்ற சிறிய ஆலைக்கு இது பெரிய அரண். ஆனால் வாங்குபவர் சிலரே இருந்து விற்பவர் பலராக இருக்கும் சந்தையில், அடுத்த ஆண்டின் ஆர்டரை இழக்க அஞ்சும் சிறிய ஆலை இந்த உரிமையைக் கேட்டுப் பெறத் தயங்குவது இயல்பு; உரிமை எழுத்தில் இருப்பது ஒன்று, அதைக் கேட்கும் துணிவைச் சந்தை தருவது மற்றொன்று.

கரும்பும் தேயிலையும் காட்டும் வழி

இரு முனைகளையும் ஒருங்கே கட்டும் விதிகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி கரும்புக்கு மத்திய அரசு விலை நிர்ணயிக்கிறது. ஆலை 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். சர்க்கரையின் விலை வீழ்ந்து ஆலைகள் கரும்புப் பாக்கியைக் கொடுக்க முடியாமல் திணறியபோது, 2018 ஜூன் மாதத்தில் சர்க்கரைக்கும் ஆலையில் விற்கும் குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 29 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் அது 31 ரூபாயாக உயர்ந்தது. கரும்புத் தொழிலின் துன்பங்கள் அதனால் முடிந்துவிடவில்லை. ஆயினும் வாங்கும் விலையை அரசு விதித்தால் விற்கும் விலையையும் அரசு எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற ஒப்புதல் அந்த ஆணையில் இருக்கிறது.

தேயிலை மற்றொரு வழியைக் காட்டுகிறது. நீலகிரியில் சொந்தத் தோட்டம் இல்லாமல் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள், தூள் விற்ற விலையில் 65 பங்கை விவசாயிக்கும் 35 பங்கைத் தமக்கும் என்ற பங்கீட்டு முறையில் கணக்கிட வேண்டும் என்று தேயிலை வாரியம் வகுத்திருக்கிறது. இலங்கையில் இதே போன்ற பங்கீடு 68க்கு 32 என்று அமைந்திருக்கிறது. பங்கீட்டில் விலை ஏறினால் இருவருக்கும் ஏறுகிறது, இறங்கினால் இருவருக்கும் இறங்குகிறது. ஒருவருடைய வாழ்வுக்காக மற்றவர் மூழ்க வேண்டியதில்லை. நீலகிரிச் சிறு விவசாயிகள் தங்கள் பங்கு செலவுக்குக் கட்டவில்லை என்று தொடர்ந்து போராடி வருவதால், பங்கீடு மட்டுமே தீர்வாகிவிடாது என்பதும் தெளிவு. பங்கீடும், அதற்கு அடியில் அரசின் மானியமாகிய தாங்குதளமும், கூழின் விலைக்கு ஒரு கீழெல்லையும் ஒன்று சேரும்போதுதான் மாங்காய்க்கு ஏற்ற அமைப்பு உருவாகும்.

பூக்கும் காலத்தில் பிறக்க வேண்டிய விதி

சித்தூரின் பட்டறிவிலிருந்து பொதுவான சில முடிவுகளை எடுக்கலாம். சிறுதொழிலைத் தொடும் எந்த விதியும், அதை நிறைவேற்றுபவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு விடை கண்ட பின்னரே வெளியிடப்பட வேண்டும். அறிவித்த விலையைக் கொடுக்க முன்வரும் சிறிய ஆலைக்குக் கிடங்கிலுள்ள கூழை ஈடாகக் கொண்டு குறைந்த வட்டியில் கடன் கிடைக்கச் செய்வதும், அரசுப் பள்ளிகளின் உணவுத் திட்டங்களிலும் கோயில்களின் பிரசாத, அன்னதான ஏற்பாடுகளிலும் உள்ளூர் மாங்கூழுக்கு இடம் தேடுவதும் அரசின் கைக்கு எட்டிய செயல்களே. நாள்தோறும் பல்லாயிரம் பேர் வந்து செல்லும் திருப்பதி அந்த ஆலைகளுக்கு அருகில்தான் இருக்கிறது. குறுந்தொழிலுக்கும் பெருந்தொழிலுக்கும் பணம் கொடுக்கும் தவணைகளில் வேறுபாடு வைப்பதும், எல்லையை அடைப்பதற்கு மாறாக மூன்று மாநில அரசுகளும் பருவத்துக்கு முன்பே கூடி ஒரே விலையை ஏற்பதும் அவற்றோடு சேர வேண்டும். கோலாரிலும் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் விலை ஒன்றானால் எல்லைச் சாவடியில் மாங்காய் லாரியை நிறுத்த வேண்டிய தேவையே எழாது.

இவை எல்லாவற்றிலும் காலமே தலையாயது. மாமரம் மார்கழி, தை மாதங்களில் பூக்கிறது. அந்தப் பூவைப் பார்த்தே மண்டிக்காரர் முன்பணத்தைத் தீர்மானிக்கிறார், ஆலைக்காரர் வங்கிக்குப் போகிறார், விவசாயி மருந்து தெளிக்கக் கடன் வாங்குகிறார். மரத்தை நம்பி மூவரும் தங்கள் பணத்தைப் போட்டுவிடும் அந்தத் தை மாதத்தில் விலையும் பங்கும் அறிவிக்கப்பட்டால், அவரவர் தம் வலிமைக்கேற்பக் கணக்குப் போட்டு நடந்துகொள்ள முடியும். காய் முற்றி, லாரியில் ஏறி, ஆலை வாயிலில் வெயிலில் நிற்கும் ஆனி மாதத்தில் வரும் ஆணை, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டாலும், யாராவது ஒரு சிறியவரின் இழப்பிலிருந்தே தன் செலவைத் தேடிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு முன் அந்தக் கணக்கை முடித்து வைப்பது, விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் அரசு ஒருசேரச் செலுத்த வேண்டிய கடன்.